புதிய மீன்தொட்டி நோய்த்தொகை

புதிய மீன்தொட்டி நோய்த்தொகை என்பது வீட்டில் புதிதாக அமைக்கப்பட்ட நன்னீர் மீன்தொட்டியில், சில நாட்களிலோ வாரங்களிலோ மீன்கள் அடுத்தடுத்து இறப்பதைக் குறிக்கும். இது தொற்றுநோய் அன்று. நீரில் சேரும் கழிவின் நச்சால் ஏற்படுவதாகும்.

காரணம்

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவு அழுகும்போதும் அது உண்டாகிறது. நைட்ரோசோமோனாசு போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோசுபைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நச்சு. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இப்பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் பல மீன்களை விட்டால் நச்சு தேங்கும். அம்மோனியாவிற்கு நிறம் இல்லாததால் நீர் தெளிவாகவே தோன்றும்.

அறிகுறிகள்

மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து மூச்சுத் திணறும், உணவு உண்ணாது. அம்மோனியாவால் செவுள்கள் சிவக்கும். நைட்ரைட்டு, இரத்தம் ஆக்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைப்பதால் செவுள்கள் பழுப்பாகும்.

தடுக்கும் முறை

மீன் இறந்ததும் தொட்டி முழுவதையும் கழுவுவது தவறு. குழாய்நீரிலுள்ள குளோரின் நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுவதால் சிக்கல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மாறாக, உணவை நிறுத்தி, கால் பங்கு நீரை மட்டும் நாள்தோறும் குளோரின் நீக்கிய நீரால் மாற்ற வேண்டும். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். பழைய தொட்டியின் பஞ்சைப் புதிய தொட்டியில் வைத்தால் பாக்டீரியாக்கள் விரைவில் பெருகும். தொடக்கத்தில் ஓரிரு மீன்களை மட்டும் வளர்ப்பது பாதுகாப்பானது.