சொப்பு டம்ளரில் ஒரு வாய் டீ!

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி வந்தால் எங்கள் ஊர் கவுஞ்சி. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் இவைதான் பிழைப்பு. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது சொப்புச் சாமான்! 'முப்பத்தஞ்சு வயசுல சொப்பு விளையாட்டா?' என்றுதானே சிரிக்கிறீர்கள்? முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

முதலில் கைக்கு வந்தது என் மாமியாரின் பித்தளைச் சொப்பு. குடம், அண்டா, அடுக்கு, கரண்டி என்று பதினோரு உருப்படி. எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் குடுத்த காலமெல்லாம் போச்சு அத்தை, எனக்கே குடுங்க" என்று வாங்கிக் கொண்டேன். புளி போட்டுத் தேய்த்ததும் தங்கம் மாதிரி மின்னியது. அன்று பிடித்த பைத்தியம்!

மரச் சொப்பு என்றால் திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரம்தான். மரத்தைக் கடைந்து, அது சுற்றும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். அதுதான் அந்தச் சிவப்பு, பச்சை, மஞ்சள். கர்நாடகத்தில் சென்னபட்டணாவிலும், ஆந்திராவில் ஏடிகொப்பாக்காவிலும் இதே அரக்குக் கடைசல் வேலை உண்டு. அந்தக் காலத்தில் ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். திறந்தால் அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை என்று ஒரு சமையலறையே இருக்கும். அம்மியும் உரலும் நம் வீடுகளை விட்டுப் போய்விட்டன. சொப்பில்தான் மிச்சம் இருக்கின்றன. என் மகளுக்குத் திருகை என்றால் என்ன என்று தெரிந்ததே அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

மாக்கல் சொப்பு பழனி அடிவாரக் கடைகளில் வாங்கினேன். மண் சொப்பு திருவிழாக் கடையில் வாங்கியது. பீங்கான் டீ செட் ஒன்று கொடைக்கானலில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. விரல் நீளத்துக்கு ஒரு கெட்டில், நாலு கப், நாலு சாசர், சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி. 1845-ல் அமெரிக்க மிஷன்காரர்கள் வீடு கட்டிக் குடியேறிய ஊர் ஆயிற்றே கொடைக்கானல்! எந்த வெள்ளைக்காரக் குழந்தை விளையாடியதோ என்று நினைத்துக் கொண்டேன். கப்பின் அடியில் 'மேட் இன் ஆக்குப்பைடு ஜப்பான்' என்று இருந்தது. மகளின் டீச்சர் விளக்கினார். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் 1952 வரை அமெரிக்கப் படையின் பிடியில் இருந்ததாம். அப்போது வெளிநாட்டுக்கு அனுப்பிய சாமான்களில் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு சின்னக் கப்பின் அடியில் எவ்வளவு பெரிய கதை பாருங்கள்!

சேர்க்க நினைக்கும் தோழிகள் சில விஷயங்களைக் கவனியுங்கள்:

* பழைய பீங்கான், பழைய வர்ணம் பூசிய சொப்புகளில் காரீயம் இருக்கலாம். அலமாரியில் வையுங்கள். அதில் ஊற்றிக் குடிக்க வேண்டாம். குழந்தைகள் வாயில் வைக்கவும் விட வேண்டாம்.

* ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். துலக்கியதும் ஈரம் போகத் துடைத்து வையுங்கள்.

* மரச் சொப்பைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

* கடையில் புது பிளாஸ்டிக் சொப்பு வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

இனி எங்கள் டீ விஷயம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும். கணப்புச் சட்டியைச் சுற்றிப் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவேன். பழைய சொப்பெல்லாம் நடுவில் பார்வைக்கு. குடிப்பதற்கு மட்டும் புது எவர்சில்வர் சொப்பு டம்ளர்கள் ஒரு டஜன். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட டீ, கேரட் அல்வா, இல்லாவிட்டால் பச்சைப் பட்டாணிச் சுண்டல். ஊற்றிக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. மூத்தாரின் மகனும் அதில் சேர்த்தி. 'ஆம்பளைப் பையன் டீ ஊத்துறதா' என்ற பேச்சுக்கே இடமில்லை! வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆறிப்போன டீயை நின்றபடி குடிப்பவர்கள்தானே நாம்? இங்கே அந்த ஒரு மணி நேரம் நாம் உட்கார வேண்டும், பிள்ளைகள் பரிமாற வேண்டும். ஒரு டம்ளர் இரண்டு வாய்க்குக் காணாது. அதனால் ஆளுக்கு ஆறு, ஏழு தடவை ஊற்ற வேண்டும். பேச்சும் வளரும்!

இதில் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. எங்கள் தோட்டத்தில் பூண்டு எடுக்க வரும் ஒரு அக்காவையும் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றார். "எனக்கு நின்னுக்கிட்டே குடிச்சுப் பழக்கம் கண்ணு" என்றார். ஏன் அப்படிப் பழகியது என்று உங்களுக்கும் தெரியும். வீட்டாருக்கு ஒரு டம்ளர், வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் என்று வைத்திருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். என் ஐந்து வயது மகள் தட்டோடு போய், "உக்காருங்க பெரியம்மா, கொட்டிரும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

உறவில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பன்னிரண்டும் ஒரே மாதிரி டம்ளர். அடுத்த வாரம் எது யாருக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? அதுதான் அவருக்குக் குறை. குடிக்காமலே எழுந்து போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. எனக்கு வருத்தம்தான். "தனியா ஒரு டம்ளர் எடுத்து வச்சிருந்தா அவளும் வந்திருப்பாளேத்தா" என்றார் மாமியார். "யாருக்குன்னு தனியா எடுத்து வைக்கிறது அத்தை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே எழுந்து போய்ப் பன்னிரண்டையும் ஒன்றாகக் கழுவி ஒரே கூடையில் கவிழ்த்தார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த அக்கா இப்போது வாரா வாரம் வருகிறார். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் அதிகம் சிரிக்க வைக்கிறார்!

தோழிகளே, உங்கள் பரணிலும் ஒரு பழைய சொப்புப் பெட்டி இருக்கும். இறக்கித் துடைத்து வையுங்கள். கோவில், திருவிழா என்று போகும்போது கடைசல்காரர், குயவர் கையால் செய்த சொப்பில் இரண்டாவது வாங்குங்கள். வாங்க ஆள் இருந்தால்தான் அந்தக் கை வேலை நிற்கும். டீக்குப் பெரிய செலவில்லை. ஒரு பாய், சின்ன டம்ளர்கள், கொஞ்சம் சுக்கு. கூப்பிடும்போது மட்டும், இதுவரை உங்கள் வீட்டில் உட்காராத ஒருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, கவுஞ்சி.