தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரக் கிணறுகள் பல மூழ்கின. வண்டல் படிந்ததும் நீர் தெளிந்துவிடும். கிருமிகளோ கண்ணுக்குப் புலப்படா. ஆகவேதான் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலையுடன் வருவோரிடம், அவர்கள் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது என்று வினவுகிறோம்.

வீட்டிலேயே சோதித்தறிய ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி உதவும். 1982-இல் இந்திய அறிவியலாளர்கள் வெளியிட்ட முறை இது. குறியிட்ட அளவுவரை கிணற்று நீரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். நீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும். குப்பி குழந்தைகளுக்கு எட்டலாகாது. சோதனை முடிந்தபின் பிளீச்சிங் பவுடர் இட்டே கொட்டுங்கள். கிணற்றைக் குளோரின் இட்டுத் தூய்மை செய்து, மறுசோதனை தெளிவாகும்வரை நீரை நன்கு கொதிக்கவைத்தே பருகுங்கள். கறுக்காமை முழு உறுதியன்று. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் சோதியுங்கள்.

நெல்லுக்கும் வாழைக்கும் இடும் உரத்திலிருந்தும், கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் கசியும் நைட்ரேட்டைக் கொதிநீர் போக்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மிகுந்தால், அந்நீரில் கரைத்த புட்டிப்பாலை அருந்தும் சிசுவின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறன் குன்றும். உடல் நீலம் பாரிக்கும். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையுள்ள இல்லத்தார், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்று நீரை அவசியம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.