கணினித் துப்புரவும் நிலைமின்னும்

கணினியின் உள்ளே தூசு சேர்வது இயல்பு. காற்றாடி வெளிக்காற்றை உள்ளிழுக்கும்போது தூசும் உடன் வந்து படிகிறது. தூசு மிகுதியாகப் படிந்தால் வெப்பம் எளிதில் வெளியேறாது. கணினியின் வேகமும் குறையும். ஆகவே, அவ்வப்போது அதைத் துப்புரவு செய்வது அவசியம். ஆனால், துப்புரவு செய்யும் கையே கணினிக்குக் கேடு விளைவிக்கவும் கூடும். அதற்குக் காரணம் நிலைமின்.

இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதிர்மின்னிகள் இடம்பெயர்கின்றன. இதனால் உண்டாகும் மின்னேற்றம் ஓடாமல் பொருளின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. இதுவே நிலைமின் எனப்படும். தலைமுடியில் தேய்த்த நெகிழிச் சீப்பு காகிதத் துண்டுகளை ஈர்ப்பது இதனால்தான். கம்பளத்தின் மீது நடக்கும்போது மனித உடலிலும் இவ்வாறே மின்னேற்றம் சேர்கிறது. அந்த உடல் ஓர் உலோகத்தைத் தொட்டதும் மின்னேற்றம் நொடிப்பொழுதில் பாய்ந்து வெளியேறுகிறது.

இந்தப் பாய்ச்சலை மனிதர் உணர்வதற்குப் பொதுவாக ஏறத்தாழ 3,000 வோல்ட் மின்னழுத்தம் தேவை. ஆனால், சில மின்னணுப் பாகங்கள் 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே பழுதடைந்துவிடும். சில்லுகளில் உள்ள காப்புப் படலம் மிக மிக மெல்லியது என்பதே அதற்குக் காரணம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் சில கூறுகளின் தடிமன்தான் அப்படலத்திற்கு உண்டு. அதைத் துளைக்கச் சிறு பாய்ச்சலே போதும்.

பாதிக்கப்பட்ட பாகம் உடனே செயலிழக்கலாம். சில வேளைகளில், அது வலுவிழந்த நிலையில் தொடர்ந்து இயங்கிப் பல மாதங்கள் கழித்துப் பழுதாகலாம். அப்போது, துப்புரவு செய்த நாளை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மலேசியாவின் ஈரக்காற்று நிலைமின் சேர்வதை ஓரளவு தடுக்கிறது. எனினும், குளிரூட்டப்பட்ட அறையில் ஈரப்பதம் குறைவதால் ஆபத்து கூடுகிறது. அதனால்தான், பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் உள்ளவை போன்ற மின்னணுத் தொழிற்சாலைகளில் ஊழியர்கள் நில இணைப்புடைய மணிக்கட்டுப் பட்டையை அணிந்து வேலை செய்கின்றனர். உடலில் சேரும் மின்னேற்றத்தை அது சிறிது சிறிதாக வெளியேற்றிவிடுகிறது. அணிபவரின் பாதுகாப்புக்காக அதில் மின்தடையும் பொருத்தப்பட்டிருக்கும். எனவே, பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது ஆபத்தானது.

வீட்டில் கணினியைத் துப்புரவு செய்வோர் சில வழிமுறைகளைப் பின்பற்ற வேண்டும்.

1. முதலில் கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும்.
2. கம்பளம் விரிக்காத தரையில் நின்று வேலை செய்ய வேண்டும். கம்பளி ஆடையைத் தவிர்க்க வேண்டும்.
3. உள்பாகங்களைத் தொடுமுன் கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். இடையிடையேயும் அவ்வாறே செய்ய வேண்டும்.
4. மின்சுற்றுப் பலகையை அதன் ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும்.
5. வீட்டில் பயன்படுத்தும் தூசு உறிஞ்சியை உள்ளே நுழைக்கக் கூடாது. அதன் நெகிழிக் குழாயில் தூசு உரசிச் செல்லும்போது நிலைமின் உண்டாகும். அழுத்தக் காற்றுக் குப்பியைப் பயன்படுத்துவது நல்லது.
6. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. கம்பியைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கையில் 'சுரீர்' என்று எதுவும் தாக்கவில்லை என்பதால், கணினிக்கு எந்தக் கேடும் நேரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நிலைமின்னை உணர்ந்த பிறகு கவனமாக இருப்பதால் பயனில்லை. தொடும் முன்னரே கவனமாக இருக்க வேண்டும்.