கிருமியின் பெயர் சொல்லும் தராசு

வீட்டில் ஒருவருக்குக் கடும் ஜுரம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதோ என்று டாக்டர் சந்தேகிக்கிறார். இன்ன கிருமி என்று தெரிந்தால் அல்லவா அதற்குரிய மருந்தைத் தேர்ந்து கொடுக்கலாம்? அதுவரை பல கிருமிகளுக்கும் பொதுவான மருந்தைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ரத்தத்தைப் போஷாக்குத் திரவமுள்ள புட்டியில் இட்டுக் கிருமியை வளர்க்கப் பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். பிறகு அதைத் தட்டில் மீண்டும் வளர்த்து, எந்தச் சர்க்கரையைப் புளிக்கச் செய்கிறது என்றெல்லாம் சோதித்துப் பெயர் காண்பதற்கு மேலும் ஓரிரு நாட்கள் செல்லும்.

இந்தப் பிந்திய தாமதத்தைப் போக்க வந்ததே 'மால்டி-டாஃப்' என்னும் யந்திரம். எடை பார்த்துப் பெயர் சொல்லும் தராசு என்றே இதைக் கூறலாம். புட்டியில் வளர்ந்த கிருமிகளைத் திரவத்திலிருந்து பிரித்துக் கழுவி, உலோகத் தகட்டில் பொட்டுப்போல் இடுகிறார்கள். ஒளியை விழுங்கும் ஓர் அமிலத்தை அதன்மேல் விட, உலர்ந்து படிகமாகிறது. லேசர் கதிர் பட்டதும் படிகம் ஆவியாக, கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்றுக் கிளம்புகின்றன. மின்விசையால் உந்தப்பட்டு, காற்றில்லாத குழாயினுள் ஓடுகின்றன. ஒரே பலத்தோடு தள்ளினால் காலி வண்டி முந்தும், பாரவண்டி பிந்தும் அல்லவா? ஓடிய நேரத்தைக் கொண்டு யந்திரம் எடைகளைக் கணக்கிடுகிறது. அந்த எடை வரிசை கிருமிக்குக் கைரேகை போன்றது. முன்பே சேர்த்துவைத்த பட்டியலோடு ஒப்பிட்டால் சில நிமிஷங்களில் பெயர் கிடைத்துவிடும்.

இதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் ஜப்பானியரான கோயிச்சி டனாகா. டாக்டர் பட்டம் பெறாதவர்; மின்சாரப் பொறியியல் கற்று, கியோட்டோவில் ஷிமாட்ஸு கம்பெனியில் வேலை பார்த்தவர். 1985-இல் உலோகத் தூளோடு தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்டிவிட மனம் வராமல் அதையே சோதித்தார். அதுவரை சிதைந்துகொண்டிருந்த மூலக்கூறு முழுதாகவே கிளம்பிற்று! 2002-இல் ரசாயன நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் அமிலப் படிக முறையை வளர்த்தவர்கள் ஜெர்மானியரான ஹில்லன்காம்ப், காராஸ் என்போர்.

இந்த யந்திரத்துக்கும் எல்லை உண்டு. ரத்தத்தில் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருப்பதால், புட்டியில் வளர்க்கும் நேரத்தை எளிதில் தவிர்க்க முடிவதில்லை. நெருங்கிய உறவுள்ள ஈ.கோலி, ஷிகெல்லா ஆகியவற்றைப் பிரித்தறிய இது திணறுகிறது. கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்பதை அறியவும் பெரும்பாலும் வேறு சோதனை வேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் மீந்துபோன கிருமிக்கொல்லி மாத்திரையைத் தாமாகவே நோயாளிக்குக் கொடுத்துவிட்டால், புட்டியில் கிருமி வளராமலே போகலாம். வளராத கிருமியின் பெயரை எந்தத் தராசு சொல்லும்? ஜுரத்தில் கிடப்பவரின் தலைமாட்டில் கண்விழித்து இருந்தவர்களுக்கு, ஒரு நாள் முந்தி வரும் விடையின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.