டி.ஜே. பெட்டி வாங்கும் முன்

சங்க மலருக்கு ஆண்டுதோறும் சிலம்பு, நன்னூல், கல்வெட்டு என்று ஏதாவது எழுதி வருபவன் நான். இந்த ஆண்டு டி.ஜே. கருவிகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர், "நயினார், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய நம் பொங்கல் விழாவுக்கு வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறுமிகள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நடுவிலே நின்றுபோனது. இரண்டு நிமிஷம் மண்டபத்தில் சத்தமே இல்லை. கோலைத் தூக்கிய கையோடு நின்ற குழந்தைகளில் ஒன்று அழுதுவிட்டது. பாட்டு போட்டவன் என் மகள் வயிற்றுப் பேரன். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

எல்லோரும் அவனைத்தான் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் தப்பு என்னுடையது. விழாவுக்கு முன் அவன் கொஞ்சம் பணம் கேட்டபோது, "போனிலேயே பாட்டு வருதே, எதுக்குடா தண்டச் செலவு?" என்று சொன்னவன் நான். மண்டபத்துக்குள் போன் சிக்னல் போயிற்று. இணையத்தில் இருந்த பாட்டும் அதோடு போயிற்று.

ஒரு மாசம் கழித்து அவன் ஒரு பட்டியலோடு வந்தான். "தாத்தா, ஒன்றரை லட்சம் ஆகும். கல்யாண ஆர்டர் வருது, ஒரு வருஷத்துல திருப்பித் தந்துடறேன்" என்றான். முன்பு மறுத்த வாயால் மறுபடி மறுக்க மனம் வரவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் முடியாது. மும்பையில் நாற்பது வருஷமாக ஒயரும் சுவிட்சும் விற்பவன். கேள்வி கேட்காமல் முதல் போட்டுப் பழக்கமில்லை. "ஒவ்வொரு பொருளும் எதுக்குன்னு எனக்குப் புரிய வை, அப்புறம் பணம்" என்றேன். இருவரும் சேர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம், லேமிங்டன் சாலைக் கடைகளை ஏறி இறங்கினோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் பல பிள்ளைகள் இதே பட்டியலோடு நிற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

டி.ஜே. செய்கிற வேலை என்ன?

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதே நடையில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. மாதவியின் அரங்கேற்றத்தில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின் முழவும் நின்றதாக இளங்கோவடிகள் சொல்கிறார். ஒன்றின் வழியே இன்னொன்று நிற்க வேண்டும் என்ற அந்தப் பொருத்தம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. கருவிதான் வேறு.

நடையை நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்று எண்ணுகிறார்கள். ஓடும் பாட்டு 104 தட்டு, வரப்போகும் பாட்டு 100 தட்டு என்றால், இரண்டாவதை 4 சதவீதம் வேகப்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஓடும். பழைய இசைத்தட்டில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறிவிடும். 6 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய அரைச் சுரம் ஏறும். இன்றைய மென்பொருள் சுருதியை நிறுத்தி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் மாற்றித் தருகிறது.

இதில் இன்னொரு தேவையும் உண்டு. சபை கேட்பது ஒரு பாட்டு. அதே நேரத்தில் டி.ஜே. தன் காதில் அடுத்த பாட்டைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆகவே ஒலி இரண்டு தனித்தனி வழியில் வெளியே வர வேண்டும். சாதாரண லேப்டாப்பிலும் போனிலும் ஒரே வழிதான். கண்ட்ரோலர் என்ற பெட்டி வேண்டியிருப்பதற்கு முதல் காரணம் இதுதான். சுற்றும் வட்டும் மின்னும் விளக்கும் அதற்குப் பிறகுதான். இது புரிந்த பிறகே பேரன் கேட்டது தண்டச் செலவு அல்ல என்று எனக்கு விளங்கியது.

சுமை இறங்கிய கதை

1972-ல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 என்ற இசைத்தட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்கு மேல். அப்படி இரண்டு, நடுவில் ஒரு மிக்சர், கூடவே பெட்டி பெட்டியாக இசைத்தட்டு. 2001-ல் பயோனியரின் சி.டி.ஜே.1000 வந்ததும் இசைத்தட்டைப் போலவே குறுந்தகட்டையும் கையால் சுழற்ற முடிந்தது. 2004-ல் நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்கிராட்ச் லைவ் என்பதை வெளியிட்டது. அதில் தட்டில் பாட்டு கிடையாது, ஒரு அடையாள ஒலி மட்டுமே. பாட்டு லேப்டாப்பில் இருக்கும். அதன் பின் தட்டும் தேவைப்படாமல், இரண்டு கிலோப் பெட்டி ஒன்று போதும் என்ற நிலை வந்துவிட்டது. ரயிலில் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். மும்பைக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை.

முதலில் மென்பொருள்

கடையில் பிள்ளைகள் பெட்டியைப் பார்த்து மயங்குகிறார்கள். முதலில் மென்பொருளை முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியும் குறிப்பிட்ட மென்பொருளுக்கென்றே செய்யப்பட்டது.

பேரனும் நானும் பார்த்தவை இவை. ரெக்கார்ட்பாக்ஸ் என்பது பயோனியர் டி.ஜே. நிறுவனத்தாருடையது; 2020 முதல் அந்த நிறுவனத்தின் பெயர் ஆல்ஃபாதீட்டா. இதில் ஒழுங்குபடுத்திய பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனால், பெரிய ஓட்டல்களில் இருக்கும் சி.டி.ஜே. கருவியில் நேராகச் செருகி வாசிக்கலாம். செராட்டோவில் லைட் என்பது இலவசம், புரோ என்பது காசுக்கு. வர்ச்சுவல் டி.ஜே. வீட்டுப் பழக்கத்துக்கு இலவசம். கூலி வாங்கிச் செய்யும் வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும். மிக்ஸ் என்று ஒன்று உண்டு, பெயர் மூன்று எக்ஸ் எழுத்தோடு முடியும். 2001-ல் ஒரு ஆராய்ச்சி மாணவர் தொடங்கியது. முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பணம் போடும் முன் பிள்ளைக்கு உண்மையில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மூன்று மாதம் இதில் பழகட்டும்.

கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இந்தப் பெட்டியோட எந்த மென்பொருள் வருது? முழுசா, பாதியா? மாசச் சந்தா உண்டா?" பெட்டி மலிவாக இருந்து மென்பொருளுக்கு மாதாமாதம் கட்ட வேண்டி வந்தால் அது மலிவு ஆகாது. பழைய பெட்டி வாங்குவதானால் இன்றைய மென்பொருளும் உங்கள் லேப்டாப்பும் அதை ஏற்குமா என்று ஓட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். தெரிந்த குடும்பம் ஒன்று சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்கிய பெரிய பெட்டி, மென்பொருள் ஆதரவு நின்றுபோய்ப் பரணில் கிடக்கிறது.

2020 முதல் ஒரு பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் பிரித்துத் தரும் வசதியும் சில மென்பொருள்களில் வந்திருக்கிறது. வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதற்கு வேகமான கணினி வேண்டும், தொடக்கக்காரருக்கு அவசியமில்லை.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மென்பொருள் தானாகவே தட்டுகளை எண்ணிக் கோடு போடும். பழைய திரைப்பாட்டுகள் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. நடை இம்மி இம்மியாகக் கூடும், குறையும். எந்திரம் போட்ட கோடு பாதிப் பாட்டில் விலகிவிடும். அங்கே காதுதான் துணை. கணினியில் தாளம் அமைத்த பிற்காலப் பாட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு.

பெட்டி, லேப்டாப், பாட்டு

பேரன் எழுதி வந்தது நாலு வழிப் பெட்டி. "நீ ஒரே நேரத்துல எத்தனை பாட்டு ஓட்டுவே?" என்றேன். "ரெண்டு" என்றான். இரண்டு வழிப் பெட்டியே வாங்கினோம். பயோனியர் டி.டி.ஜே. எஃப்.எல்.எக்ஸ்4 போன்றவை இரண்டு கிலோ எடைதான், யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும், ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ இரண்டுக்கும் பொருந்தும். பொருளுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வது எங்கள் சமணத்தில் இல்லறத்தாருக்குச் சொன்ன விரதம். வியாபாரத்துக்கும் அது நல்ல விதி.

ஹெட்போன் காதை முழுக்க மூடுவதாக, ஒயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் வேண்டாம். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை விநாடிதான். சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி பத்தில் ஒரு விநாடிக்கு மேலும் பிந்தி வரலாம். அதை நம்பிச் சேர்த்தால் தாளம் இரட்டையாக இடிக்கும்.

லேப்டாப் புதிதாக வாங்கவில்லை. மருமகனின் பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் 16 ஜி.பி. ஆக்கினோம். விழா அன்று இணையத்தையும் தானியங்கிப் புதுப்பித்தலையும் நிறுத்திவிட வேண்டும்.

பாட்டு கையில் இருக்க வேண்டும். 320 கிலோபிட் எம்.பி.3 தரத்தில் நாலு நிமிஷப் பாட்டு 9.6 எம்.பி. பிடிக்கும். ஆயிரம் பாட்டுக்கு ஏறக்குறைய 10 ஜி.பி. 64 ஜி.பி. பென் டிரைவ் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே பாட்டுகளை ஏற்றி வைத்தால் போதும். அன்று அந்தக் குழந்தை அழுதது இந்தச் சில நூறு ரூபாய் இல்லாமல்தான்.

ஒயரும் வாட்டும்

இது என் தொழில், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். சிறு பெட்டிகளின் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஆர்.சி.ஏ. துளை. அதிலிருந்து நீள ஒயர் இழுத்தால் 'ங்ங்ங்' என்று இரைச்சல் வரும். பக்கத்தில் இருக்கும் மண்டப மிக்சருக்குக் குட்டை ஒயரில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் நீட்டுங்கள். லேப்டாப் சார்ஜருக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். எர்த் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

ஸ்பீக்கர் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், அட்டையில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் எண்ணை நம்பாதீர்கள்; ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். 500 வாட்டை 1000 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆக, வாட்டைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரைச் சபைக்குக் கிட்டே வைப்பது லாபம்.

காதும் முதல்தான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் வைத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இதைச் சொன்ன பிறகு பேரன் காதடைப்பானும் வாங்கிக்கொண்டான்.

நம் நாட்டில் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். திருமண ஊர்வலத்திலும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிபரப்ப 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கலை விழாவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. உரிமம் பற்றி முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

கணக்கு முடிந்தது

வாங்கும் வரிசை இதுதான்: எங்கே வாசிக்கப் போகிறான் என்ற தெளிவு, இலவச மென்பொருளில் பழக்கம், மென்பொருள் முடிவு, அதற்கேற்ற சிறு பெட்டி, ஹெட்போன், சொந்தமாகப் பாட்டு, நல்ல ஒயர். ஸ்பீக்கர் வாடகைக்கு. ஒன்றரை லட்சம் என்று வந்த பட்டியல் அறுபதாயிரத்துக்குள் முடிந்தது. பாதிக்கு மேல் திருப்பியும் கொடுத்துவிட்டான்.

போன பொங்கலுக்கு முதல் நாள் ஒத்திகையில் பேரன் வேண்டுமென்றே லேப்டாப் ஒயரைப் பிடுங்கினான். பக்கத்தில் தயாராக இருந்த போனிலிருந்து நாலு விநாடியில் பாட்டு தொடர்ந்தது. விழாவில் அதற்கு வேலை வரவில்லை. கோலாட்டம் முழுசாக நடந்தது. அன்று அழுத குழந்தை இந்த முறை முன்வரிசையில் ஆடினாள்.

பிள்ளை பட்டியலோடு வந்தால் உடனே முடியாது என்றும் சொல்லாதீர்கள், உடனே கொடுத்தும் விடாதீர்கள். கூட உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில்தான் இருப்பேன். பட்டியலை எடுத்து வந்தால் சேர்ந்து பார்ப்போம்.