முத்தரிப்பும் மடலரிப்பும்

மன்னார்ப் பெருநிலக் கரையிலே, சிலாவத்துறைக்கு அணித்தாக, அரிப்பு என்னும் ஊர் உளது. முத்துக்குளிப்பு நடைபெற்ற நாளில் இக்கரையிற் பெற்ற முத்துக்கள் பித்தளைச் சல்லடைகள் 10 கொண்டு தரம் பிரிக்கப்பட்டன. முதற் சல்லடைக்குக் கண்கள் 20, ஈற்றிலுள்ளதற்கு 1000. பெரியன முதலாவதிலே தங்கும்; சிறியன ஒன்றன்பின் ஒன்றாய்க் கீழிறங்கும். அரித்தல் என்னும் சொற்குச் சலித்தெடுத்தல் என்பதும் பொருளாம். ஊர்ப்பெயரை அதனோடு முடிச்சிடுதல் ஈண்டு வேண்டா. சல்லடை பருமனையே அறியும். ஒளியும் உருட்சியும் கண்கொண்டு ஆராய்ந்த பின்னரே ஆணிமுத்து எனத் துணிவர். மின்னஞ்சலிலே வந்து குவியும் வேண்டா மடல்களை விலக்கும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே.

1978 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினிக் கம்பனியொன்றின் விற்பனையாளர், அர்ப்பாநெற் என்னும் வலையமைப்பிலே ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு விளம்பரத்தை ஒருங்கே அனுப்பினார். வேண்டா மடலுக்கு அதுவே முதல் என்பர். அஞ்சலட்டை அனுப்புவோன் ஒவ்வொன்றிற்கும் முத்திரைக்கூலி இறுத்தல் வேண்டும்; மின்மடல் விடுப்போனுக்கோ ஒன்றும் இலட்சமும் செலவில் ஏறக்குறைய ஒன்றே. இலட்சத்தில் ஒருவர் ஏமாறினும் அவனுக்கு ஊதியம். நோயின் வேர் இதுவே. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பெறுவோர் இசைவின்றி விளம்பரச் செய்தி விடுத்தலைத் தடுக்கும் ஏற்பாடு உளது. கடல் கடந்து பொய்ப்பெயரில் ஒளிந்திருப்பவனைச் சட்டம் எளிதிற் பற்றாது. ஆதலின் சல்லடையே துணை.

முதலாவது சல்லடை வந்த வழியை ஆராய்வது. மடலின் தலைப்பில் எவர் பெயரையும் எவனும் எழுதலாம். ஆகவே ஒரு வங்கி, தன் பெயரால் மடல் விடுக்க உரிமையுள்ள கணினிகள் இவையென இணையப் பெயரேட்டிற் பதிந்துவைக்கும். மடல்தோறும் மறைகுறியீட்டு முத்திரையும் இடும். முன்னையது எஸ்.பி.எப். எனவும், பின்னையது டி.கே.ஐ.எம். எனவும் வழங்கும். பெறும் கணினி இரண்டையும் ஒத்துப்பார்க்கும். பெருந்தொகையாய் அனுப்புவோர் இவற்றைக் கைக்கொள்ளல் வேண்டுமெனக் கூகிளும் யாகூவும் 2024 பெப்ருவரியில் விதித்தன. எனினும் வஞ்சகனும் தன் சொந்தப் பெயரை ஒழுங்காய்ப் பதிந்துகொள்ளலாம் அன்றோ? வழி மெய்யாதலால் கருத்தும் மெய்யாகிவிடாது.

எனவே அடுத்த சல்லடை சொற்களை நிறுக்கின்றது. தோமசு பேயிசு என்னும் ஆங்கிலக் குருவானவரின் நிகழ்தகவுத் தேற்றம் அவர் மறைவின்பின் 1763 இல் வெளிவந்தது. அதனை மடலரிப்பிற்குப் பயன்படுத்தும் முறையைப் போல் கிரகாம் என்பார் 2002 இல் எழுதிய கட்டுரை பரப்பிற்று. வேண்டா மடல் 100 இல் 40 இடத்தும், நன்மடல் 100 இல் 2 இடத்தும் ‘பரிசு’ என்னும் சொல் வருவதாகக் கொள்வோம். இரு வகையும் சமமாக வரின், அச்சொல்லுள்ள மடல் வேண்டாததாயிருக்கும் வாய்ப்பு 42 இல் 40, அஃதாவது நூற்றுக்கு 95. அவ்வொரு சொல்லையே நம்பினால் கல்லூரிப் பரிசளிப்பு விழா அழைப்பும் குப்பையிற் சேரும்! ஆதலின் பல சொற்களின் நிறையையும் ஒருங்கு கூட்டியே முடிவு செய்யப்படும்.

இங்கே இருவகைப் பிழைகள் நேரும்; இரண்டும் ஒத்தனவல்ல. வேண்டா மடல் ஒன்று உட்புகுந்தால் அதனை நீக்க ஒரு நொடி போதும். தலைமன்னாரிலுள்ள ஒரு மாணவனுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்புத் தடுக்கப்பட்டால் ஓராண்டே வீணாகலாம். இதுபற்றியே ஐயத்திற்குரிய மடல்கள் உடனே அழிக்கப்படாமல் தனிப்பெட்டியில் இடப்படுகின்றன; கூகிள் அவற்றை 30 நாள் வைத்திருக்கும். அரிப்பவன் தூளென ஒதுக்கியதையும் உடையவன் ஒருமுறை கிளறிப் பார்ப்பதற்கு அத்தவணை.

ஆங்கில மடற்குவியலை மாத்திரம் கற்ற வடிகட்டிக்குத் தமிழ்ச்சொல்லின் நிறை தெரியாது. தமிழில் வரும் பொய்மடலைப் பொய்யென்றும், தவறி அடைபட்ட மெய்மடலை மெய்யென்றும் பெறுவோர் குறித்துக் காட்டுந்தோறும் அது தமிழும் கற்கின்றது.