ஆடிட்டர் அனுப்புற ஃபார்ம்ல ‘இல்லை’ன்னு தட்டுறதுக்கு முன்னாடி

ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் உங்க ஆடிட்டர்கிட்ட இருந்து ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் வரும். ஆபீஸ் பஸ்ல உக்காந்துக்கிட்டே மூணு நிமிஷத்துல "இல்லை, இல்லை, இல்லை"ன்னு தட்டி அனுப்பிடுவீங்க. அந்த மாதிரி ஃபார்மை உருவாக்குற ஆள் நான். சரியா நிரப்ப மாட்டேங்குறாங்கன்னு பல வருஷமா கிளையன்ட்ஸைத்தான் திட்டிட்டு இருந்தேன். போன சீசன்லதான் தப்பு என் ஃபார்ம்லயும் இருக்குன்னு புரிஞ்சுது.

2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் அது. கடைசி தேதி ஜூலை 31-ல இருந்து செப்டம்பருக்குத் தள்ளிப் போயிருந்துது. ஒரு தம்பி ஃபார்ம் 16-ஐ அப்லோட் பண்ணியிருந்தாரு. 6 மாசச் சம்பளம் 5.4 லட்சம், வரி பூஜ்யம். 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தா ரெண்டு கம்பெனி இருக்கு. முதல் 6 மாசம் வேற இடத்துல மாசம் 70,000 வாங்கியிருக்காரு, அங்க 13,780 ரூபாய் டிடிஎஸ்ஸும் பிடிச்சிருக்காங்க. போன் பண்ணி அந்த ஃபார்ம் 16 எங்கன்னு கேட்டேன்.

"உங்க ஃபார்ம்ல ஒரு ஃபைல்தானே சார் ஏத்த முடிஞ்சுது?"

திறந்து பார்த்தேன். உண்மைதான். கூகுள் ஃபார்ம்ல ஃபைல் அப்லோட் கேள்வி வச்சா, அதிகபட்ச ஃபைல் எண்ணிக்கை தானாவே 1-ன்னுதான் இருக்கும். 5-ன்னோ 10-ன்னோ நாமதான் மாத்தணும். நான் மாத்தல.

இப்ப கணக்கைப் பாருங்க. ரெண்டாவது கம்பெனில பழைய சம்பளத்தை ஃபார்ம் 12பி மூலமா அவர் சொல்லல. அதனால அவங்க 5.4 லட்சத்துல 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிச்சு, 7 லட்சத்துக்குக் கீழதான இருக்குன்னு வரியே பிடிக்கல. ஆனா மொத்தச் சம்பளம் 9.6 லட்சம். 75,000-ஐ ஒரு தடவைதான் கழிக்க முடியும். மிச்சம் 8.85 லட்சம். அந்த வருஷத்துப் புது முறை ஸ்லாப்படி வரி 38,500, செஸ் சேர்த்து 40,040. ஏற்கனவே பிடிச்ச 13,780 போக 26,260 ரூபாய் கட்டணும். பிரிவு 234பி வட்டி மாசத்துக்கு 1 சதவீதம், ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 1,500-க்கு மேல. 234சி வட்டி தனி. அந்த 13,780-ம் ரீஃபண்டா வரும்னு நினைச்சுக்கிட்டு இருந்த மனுஷன் அவர். தங்கச்சியோட காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்த பணத்துல இருந்துதான் கட்டினாரு. வரி எப்படியும் வந்திருக்கும், அது என்னால வந்ததில்ல. ஆனா ஜூன்லயே தெரிஞ்சிருந்தா வட்டி குறைஞ்சிருக்கும், மூணு மாசம் அவகாசமும் கிடைச்சிருக்கும்.

அதுக்கப்புறம் ஃபார்மை மொத்தமா மாத்தி எழுதினேன். (இதுக்கு முன்னாடி நிரப்பக்கூடிய பிடிஎஃப் ஒன்னு செஞ்சு வாட்ஸ்அப்ல அனுப்பிப் பார்த்திருக்கேன். போன்ல நிரப்புறாங்க, சேவ் ஆகாம காலியா திரும்பி வருது. அந்தக் கதை அங்கயே முடிஞ்சுது.)

பெரிய மாற்றம் கேள்விகள்லதான். முன்னாடி "இதர வருமானம் உண்டா?"ன்னு கேட்டிருந்தேன். யாரைக் கேட்டாலும் இல்லைன்னுதான் வரும். இப்ப "உங்க பேர்ல எஃப்டி, ஆர்டி இருக்கா? அம்மா, அப்பா போட்டு வச்சதும் சேர்த்து"ன்னு கேக்குறேன். வரிசையா ‘ஆமா’ வருது. பேங்க் டிடிஎஸ் பிடிக்கலைன்னா வட்டிக்கு வரி இல்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல, காட்டியே ஆகணும். அதே மாதிரி "மூலதன ஆதாயம்"ங்குற வார்த்தையையே தூக்கிட்டேன். "ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் ஏதாவது வித்தீங்களா? ஒரு ஸ்கீம்ல இருந்து இன்னொன்னுக்கு மாத்தினாலும் ‘ஆமா’"ன்னு இருக்கு. ஸ்விட்ச் பண்றதும் வித்த மாதிரிதான், இது தெரியாமலே நிறைய பேர் மாட்டுறாங்க. "ஒரே ஒரு நாளாவது இன்ட்ராடே பண்ணீங்களா?"ன்னு தனியா ஒரு கேள்வி. பண்ணியிருந்தா ஐடிஆர்-3, அதுக்கு வேலையே வேற.

முதல் கேள்வி இப்ப "ஏப்ரல் 1-ல இருந்து மார்ச் 31 வரைக்கும் எத்தனை கம்பெனில சம்பளம் வாங்குனீங்க?" 2-ன்னு சொன்னா வேற பக்கத்துக்குப் போகும், அங்க ரெண்டு ஃபார்ம் 16-ம் ஏத்தாம அடுத்த பக்கம் திறக்காது. பான் எண்ணுக்கும் ஒரு சோதனை வச்சேன். 5 எழுத்து, 4 எண், 1 எழுத்து, நாலாவது எழுத்து ‘பி’. தனிநபர் பான் அப்படித்தான் இருக்கும்.

ஒரு கேள்வியை எடுத்துட்டேன். வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்ட். ஆமா, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கூகுளே ஃபார்மோட அடியில பாஸ்வேர்டை இதுல கொடுக்காதீங்கன்னு எழுதி வச்சிருக்கு, அதுக்கு மேல நான் பாஸ்வேர்ட் கேட்டிருக்கேன்! போர்ட்டல்லயே உங்க சிஏவைச் சேர்க்க வழி இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. எந்த ஆடிட்டர் ஃபார்ம்ல கேட்டாலும் பாஸ்வேர்ட், ஓடிபி கொடுக்காதீங்க. இன்னொன்னு: அனுப்பி முடிச்சதும் முந்தைய பதில்களைப் பார்க்க ஒரு லிங்க் வந்தா, அடுத்தவங்க போட்ட விவரம் உங்களுக்குத் தெரியுதுன்னு அர்த்தம். உங்களோடதும் அவங்களுக்குத் தெரியும். உடனே போன் பண்ணி அந்த செட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்க.

கடைசில ஒரு காலிப் பெட்டி வச்சிருக்கேன்: "நான் கேக்க மறந்த பணம் ஏதாவது?" பெரும்பாலும் காலியாத்தான் வரும். ஒரு பொண்ணு மட்டும் "அமெரிக்க ஹெட் ஆபீஸ் கொடுத்த ஷேர் கொஞ்சம் இருக்கு, இன்னும் விக்கல, சொல்லணுமா?"ன்னு எழுதியிருந்தாங்க. சொல்லணும். விக்கலைன்னாலும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில காட்டணும், அந்த அட்டவணை ஐடிஆர்-1-ல கிடையாது. முடிச்சு வச்சிருந்த ஐடிஆர்-1-ஐ ஓரமா போட்டுட்டு ஐடிஆர்-2 எடுத்தேன். இப்ப அது என் ஃபார்ம்ல 9-வது கேள்வி.